கூப்பிடு தூரம்

பை வாங்கப் போனேன். தோளில் மாட்டிக்கொள்ளும் பயணப் பை. கருநீல நிறம், மூன்று ஜிப். தி.நகர் நடைபாதையில் ஒரு கடை. தார்ப்பாய்க்குக் கீழே, கம்பியில் கொத்துக் கொத்தாகப் பைகள் தொங்கின.

"எவ்வளவுங்க?"

"ஆயிரத்து இருநூறு சார். போணி நேரம், ஆயிரத்து நூறு குடுங்க."

யோசிப்பதுபோல் கொஞ்ச நேரம் பையின் பட்டையைத் தடவினேன். "எண்ணூறுன்னா எடுத்துக்கறேன்." அறுநூறு என்று கேட்கத்தான் நினைத்தேன், நாக்கு கூசிவிட்டது.

"சரி, எடுத்துக்குங்க." அவர் சொல்லி முடிப்பதற்குள் பை கம்பியிலிருந்து இறங்கிக் கவருக்குள் போய்விட்டது.

சொன்ன விலையில் நானூறு ரூபாய் குறைத்திருக்கிறேன். சந்தோஷமாக இருந்திருக்க வேண்டும். ஆனால் ரயில் நிலையப் படியேறுவதற்குள் வயிற்றைப் பிசைந்தது. ஏன் அத்தனை சீக்கிரம் சரியென்றார்? வீட்டுக்கு வந்ததும் அத்தை பையை வாங்கி, தையலை இரண்டு பக்கமும் இழுத்துப் பார்த்து, ஜிப்பை ஒருமுறை ஓட்டிவிட்டு, "ஐநூத்தம்பது" என்றார். நான் என்ன கொடுத்தேன் என்று அவர் கேட்கவே இல்லை.

அந்த வயிற்றுப் பிசைவை ஆராய்ந்தவர்கள் இருக்கிறார்கள். ஆடம் கலின்ஸ்கியும் அவருடைய சக ஆய்வாளர்களும் 2002-இல் வெளியிட்ட ஆய்வு அது. முதலில் கேட்ட விலையே உடனே ஏற்கப்பட்டவர்கள், இழுபறிக்குப் பிறகு அதைவிட மோசமான விலைக்கு முடித்தவர்களைக் காட்டிலும் மனக்குறையோடு திரும்பினார்கள். கையில் வந்த லாபம் கூடுதல், மனத்தில் திருப்தி குறைவு. 'இன்னும் குறைத்துக் கேட்டிருக்கலாமே' என்ற எண்ணம் லாபத்தைத் தின்றுவிடுகிறது. அனுபவமுள்ள கடைக்காரர் நாம் கேட்ட விலை கட்டுபடியானாலும் முகத்தைச் சுளித்து, கால்குலேட்டரைத் தட்டி, "அசலே வரல சார்" என்று இரண்டு தடவை சொல்லிவிட்டுத்தான் இறங்குவார். அந்த நாடகத்தின் பலன் அவருக்கு மட்டும் என்று நினைக்க வேண்டாம். நம்மைத் திருப்தியோடு வீட்டுக்கு அனுப்புவதும் அதுதான். என் கடைக்காரர் அன்று அவசரத்தில் அதை மறந்துவிட்டார் போலிருக்கிறது.

ஆனால் நான் தோற்றது எண்ணூறு என்று சொன்னபோது அல்ல. "எவ்வளவுங்க?" என்று கேட்டு, "ஆயிரத்து இருநூறு" என்ற பதில் காதில் விழுந்தபோதே ஆட்டம் முடிந்துவிட்டது.

ஏமோஸ் ட்வெர்ஸ்கி, டானியல் கானமன் என்ற இரண்டு உளவியலாளர்கள் 1974-இல் 'சயின்ஸ்' இதழில் ஒரு சோதனையை விவரித்தார்கள். ஆட்களுக்கு முன்னால் சூதாட்டச் சக்கரம் போன்ற ஒன்றைச் சுற்றிவிடுவார்கள். அது 10-இலோ 65-இலோ நிற்கும்படி முன்பே ஏற்பாடு. பிறகு கேள்வி: ஐ.நா. சபை உறுப்பு நாடுகளில் ஆப்பிரிக்க நாடுகள் எத்தனை சதவீதம்? சக்கரத்துக்கும் ஆப்பிரிக்காவுக்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை என்பது எல்லோருக்கும் தெரியும். ஆனாலும் 10-ஐப் பார்த்தவர்களின் மதிப்பீடு நடுவாக 25-இல் நின்றது. 65-ஐப் பார்த்தவர்களுடையது 45-இல். முதலில் விழுந்த எண் மனத்தில் நங்கூரம்போல் இறங்கிவிடுகிறது. அதிலிருந்து விலகத்தான் செய்கிறோம், ஆனால் கயிறு விடுகிற தூரம்வரைதான்.

எனக்கு இறங்கிய நங்கூரம் 1,200. அதிலிருந்து மூச்சுப்பிடித்து எண்ணூறு வரை நீந்தினேன். கடைக்காரர் முதலில் எழுநூறு என்று சொல்லியிருந்தால் நான் ஐநூறு கேட்டிருப்பேன். அதே பை, அதே மூன்று ஜிப்.

தெரியாதவர்களுக்குத்தானே இந்தக் கதி, விவரம் தெரிந்தவர்களை அசைக்க முடியாதே என்று தோன்றும். அதையும் சோதித்துவிட்டார்கள். அமெரிக்காவின் அரிசோனா மாநிலத்தில் உள்ள டூசான் நகரில், 1987-இல் வெளியான நார்த்கிராஃப்ட், நீல் இருவரின் ஆய்வு. வீட்டுத் தரகர்களை ஓர் உண்மையான வீட்டுக்கு அழைத்துச் சென்று சுற்றிக் காட்டி, வீட்டைப் பற்றிய தகவல் கட்டையும் கையில் கொடுத்து, மதிப்புப் போடச் சொன்னார்கள். ஒருவருக்கொருவர் மாறியது கட்டில் அச்சிட்டிருந்த 'கேட்கும் விலை' மட்டும். அந்த எண் கூடியபோது தரகர்களின் மதிப்பீடும் கூடியது. கேட்கும் விலையைப் பார்த்துத்தான் மதிப்பிட்டோம் என்று பெரும்பாலான தரகர்கள் ஒப்புக்கொள்ளவில்லை. தொழில் அனுபவத்தை வைத்துச் சொன்னோம் என்றார்கள். அனுபவம் நங்கூரத்தை அறுப்பதில்லை, அதற்குக் காரணம் சொல்லத்தான் கற்றுக்கொடுக்கிறது என்று எனக்குப் படுகிறது.

அப்படியானால் அத்தை எப்படித் தப்பிக்கிறார்? அவருடைய முறையைக் கூடவே போய்க் கவனித்திருக்கிறேன். சாமான் வாங்கப்போகும் கடையில் அவர் முதலில் நிற்பதே இல்லை. தெருவின் மறுகோடியில், வாங்கவே போகாத இரண்டு கடைகளில் விலையை விசாரிப்பார். சொன்ன விலையைக் கேட்டு முகத்தில் ஒரு சுருக்கமும் விழாது. பிறகு ஓரமாக நின்று ஒரு எண்ணை முடிவு செய்வார். அதற்குப் பிறகுதான் உண்மையான கடை. அங்கே எதிராளி என்ன விலை சொன்னாலும் அவருக்கு அது செய்தி மட்டுமே. "நீ சொல்றது உன் விலை தம்பி, என் விலைய நான் வீட்லயே வச்சுட்டு வந்தேன்" என்று ஒருமுறை ஒரு பாத்திரக் கடையில் சொன்னார். கடைப் பையன் சிரித்துவிட்டான்; விலையும் இறங்கியது.

இதே கலின்ஸ்கி, தாமஸ் முஸ்வைலர் என்பவரோடு சேர்ந்து 2001-இல் கண்டதும் கிட்டத்தட்ட இதுதான். முதல் விலையைச் சொல்பவருக்குச் சாதகம் உண்டு. ஆனால் எதிராளி தன் இலக்கை மனத்தில் வைத்துக்கொண்டோ, 'இவருக்கு வேறு போக்கு என்ன இருக்கிறது' என்று யோசித்துக்கொண்டோ பேசினால் அந்தச் சாதகம் கரைந்துவிடுகிறது. சொந்தமாக ஒரு நங்கூரம் இருப்பவரை அடுத்தவர் நங்கூரம் இழுப்பதில்லை.

இனி பையின் கணக்குக்கு வருவோம். கடைக்காரருக்கு அந்தப் பை, போக்குவரத்து, நடைபாதைச் செலவு எல்லாம் சேர்த்து நானூறு ரூபாய் விழுந்தது என்று வைத்துக்கொள்வோம். அதற்குக் கீழே கொடுக்க மாட்டார். எனக்கு உச்சவரம்பு தொள்ளாயிரம். அதற்கு மேல் போனால் பழைய பையே போதும் என்று திரும்பிவிடுவேன். நானூறுக்கும் தொள்ளாயிரத்துக்கும் நடுவில் எந்த விலையில் முடிந்தாலும் இருவருக்கும் லாபம். நடுவில் கிடக்கிற ஐநூறு ரூபாயை யார் எவ்வளவு அள்ளுகிறார்கள் என்பதுதான் பேரம். எண்ணூறுக்கு முடித்ததில் நான் நூறு அள்ளினேன், அவர் நானூறு. அத்தை போயிருந்தால் அத்தையின் பங்கு முந்நூற்றைம்பது.

இந்த நடுநிலத்தை எப்படிப் பிரிப்பது என்ற கேள்விக்கு 1950-இல் ஜான் நாஷ் ஒரு கணித விடை எழுதினார். ஆனால் கடைத்தெருவுக்கு இன்னும் நெருக்கமானது 1982-இல் ஏரியல் ரூபின்ஸ்டைன் எழுதியது. ஒரு குச்சி ஐஸை இரண்டு பிள்ளைகள் பங்கு போட்டுக்கொள்ள வேண்டும். ஒருத்தி ஒரு பங்கு சொல்வாள். மற்றவன் ஒத்துக்கொள்ளலாம், அல்லது மறுத்துவிட்டுத் தன் பங்கைச் சொல்லலாம். மறுக்க மறுக்க ஐஸ் உருகிக்கொண்டே இருக்கும். இருவரும் கணக்குத் தெரிந்த பிள்ளைகளாக இருந்தால் முதல் பேச்சிலேயே உடன்பாடு வந்துவிடும் என்று காட்டினார் ரூபின்ஸ்டைன். யாருக்குப் பெரிய துண்டு? காத்திருக்கப் பொறுமை கூடுதலாக உள்ளவருக்கு. இருவர் பொறுமையும் ஒன்றானால் கிட்டத்தட்டப் பாதிப் பாதி.

இதைப் படித்த பிறகு எனக்குக் கடைத்தெருவே வேறு மாதிரித் தெரிய ஆரம்பித்தது. மாலை ஏழு மணிக்குக் கீரைக்கட்டின் விலை ஏன் விழுகிறது? உருகுவது கீரைக்காரம்மாவின் ஐஸ். வாடிய கட்டை நாளைக்கு விற்க முடியாது. ஆடித் தள்ளுபடிக்கும் தீபாவளிக்கு முந்தைய நாளுக்கும் என்ன வித்தியாசம்? ஒன்றில் கடைக்கு அவசரம், மற்றதில் நமக்கு. "எட்டு மணிக்கு ட்ரெய்ன், சீக்கிரம் சொல்லுங்க" என்று கடையில் வாய்விட்டுச் சொல்லும் ஆளுக்கு நான் எப்போதும் பரிதாபப்படுவேன். அவர் தன் ஐஸ் எவ்வளவு வேகமாக உருகுகிறது என்று எதிராளிக்குத் தெரிவித்துவிட்டார். காலைப் போணிக்குக் கடைக்காரர் இறங்கி வருவதும் இந்தக் கணக்கில் அடங்கும். முதல் வியாபாரம் தட்டிப்போனால் நாள் முழுக்க ஓடாது என்ற நம்பிக்கை, அந்த ஒரு வாடிக்கையாளரிடம் மட்டும் அவரைப் பொறுமையற்றவராக ஆக்குகிறது. ஆனால் 'போணி நேரம்' என்று என்னிடம் சொன்னபோது மணி பகல் ஒன்றரை. அதையும் நான் கவனிக்கவில்லை.

பேரத்தைப் பற்றி எழுதுகிறவர்கள் எல்லோரும் நடையைக் கட்டச் சொல்வார்கள். ரோஜர் ஃபிஷரும் வில்லியம் யூரியும் 1981-இல் எழுதிய பேச்சுவார்த்தை நூல் உலகம் முழுக்க விற்றது. அதில் ஒரு முக்கியக் கருத்து, உங்கள் பலம் வாயில் இல்லை, இந்த வியாபாரம் முறிந்தால் உங்களுக்கு இருக்கும் அடுத்த வழியில் இருக்கிறது என்பது. அடுத்த கடையில் அதே பை ஐநூற்றெண்பதுக்குக் கிடைக்கும் என்று தெரிந்தவர் குரலை உயர்த்தத் தேவையே இல்லை. திரும்பி நடந்தால் போதும்.

நடப்பதை நாம் மிரட்டல் என்று நினைக்கிறோம். உண்மையில் அது ஒரு கேள்வி. "இதற்குக் கீழே இறங்குவீர்களா?" என்று வாயால் கேட்டால் யாரும் நேர்மையாகப் பதில் சொல்வதில்லை. காலால் கேட்டால் பதில் வருகிறது. இரண்டாவது அடியிலேயே "சார், சார், வாங்க" என்ற குரல் வந்தால், நாம் கடைசியாகச் சொன்ன விலை அவருடைய அசலுக்கு நல்ல உயரத்தில் இருக்கிறது. பத்தடி போன பிறகு, "ஐம்பது ரூபா சேத்துக் குடுத்துட்டுப் போங்க" என்றால் தரைக்குப் பக்கத்தில் வந்துவிட்டோம். தெருமுனைவரை யாரும் கூப்பிடவில்லையா, தரையைத் தாண்டிக் கீழே கேட்டுவிட்டோம். பக்கத்தில் இருப்பதைச் சொல்ல 'கூப்பிடு தூரம்' என்று ஒரு அளவு நம் பேச்சில் இருக்கிறது. கடைத்தெருவில் அது ரூபாயை அளக்கும்.

இந்தக் கேள்வியையும் பதிலையும் முழுக்க மறைத்துக்கொண்டு பேசும் இடம் ஒன்று உண்டு. பொள்ளாச்சி, மணப்பாறை போன்ற ஊர்களின் மாட்டுச் சந்தைக்குப் போனால் பார்க்கலாம். தரகரும் வாங்க வந்தவரும் எதிரெதிரே நிற்பார்கள். இரண்டு பேர் கைகளுக்கும் மேலே ஒரு துண்டு. துண்டுக்கு அடியில் ஒருவர் மற்றவரின் விரல்களைப் பிடிக்கிறார்: எத்தனை விரல் பிடிபட்டதோ அத்தனை. ஒரு விரல் என்றால் ஆயிரமா பத்தாயிரமா என்பது எதிரே நிற்கும் மாட்டைப் பார்த்தாலே தெரிந்துவிடும் என்பதால் அதைச் சொல்வதில்லை. வாய் வேறு பேசிக்கொண்டிருக்கும். "பல்லு பாத்தியா?", "சுழி சுத்தமில்லையே", "பால் எவ்வளவு கறக்கும்னு சும்மா சொல்லாத." துண்டுக்குள் ஒரு விரல் விடுபடும், இன்னொன்று சேரும், கை உதறப்படும், மறுபடி பிடிக்கப்படும். முகத்தில் எதுவும் தெரியாது. சுற்றிப் பத்துப் பேர் நின்றாலும் விலை என்னவென்று அந்த நான்கு கைகளுக்கு மட்டும்தான் தெரியும்.

ஏன் இத்தனை மறைப்பு? சத்தமாக ஒரு விலை சொல்லப்பட்டால் அது சந்தை முழுக்க நங்கூரமாகிவிடும். பக்கத்தில் கட்டியிருக்கும் மாட்டுக்கு வருகிற அடுத்த ஆள் அதிலிருந்துதான் தொடங்குவார். பேரம் முறிந்தாலும் 'இந்த மாட்டை இவ்வளவுக்குக் கேட்டும் படியவில்லை' என்ற பேச்சு மாட்டோடு சுற்றும். துண்டு, ஒரு பேரத்தின் தகவல் அடுத்த பேரத்துக்குள் கசியாமல் தடுக்கிறது. உளவியல் ஆய்வு நங்கூரத்துக்குப் பெயர் வைப்பதற்கு வெகுகாலம் முன்பே அதற்கு ஒரு திரை போட்டுவைத்திருக்கிறார்கள் மாட்டுத் தரகர்கள்.

அந்த வாய்ப்பேச்சும் வெறும் சத்தமில்லை. பல்லைப் பார்ப்பது வயதைப் பார்ப்பது. வாங்குபவருக்குத் தரம் தெரியாத சந்தையில் என்ன நடக்கும் என்று ஜார்ஜ் அகர்லாஃப் 1970-இல் எழுதினார், பழைய கார்களை உதாரணமாக வைத்து: நல்லதையும் மட்டத்தையும் பிரித்தறிய முடியாதவர் இரண்டுக்கும் பொதுவான ஒரு சராசரி விலைதான் கொடுப்பார். நல்ல காரை வைத்திருப்பவருக்கு அது கட்டாது, விலகிக்கொள்வார். மிஞ்சுவது மட்டமான கார்கள். பல்லைப் பிடித்துப் பார்க்கும் கையும், பைத் தையலை இழுத்துப் பார்க்கும் அத்தையின் விரலும் அந்தச் சரிவைத் தடுக்கின்றன. கூடவே எதிராளிக்கு ஒரு சேதியும் போகிறது: எனக்குப் பார்க்கத் தெரியும்.

ஆனால் இரண்டு பக்கமும் மறைப்பதற்கு ஒரு விலை உண்டு. ரோஜர் மையர்சனும் மார்க் சாட்டர்த்வெயிட்டும் 1983-இல் ஒரு சங்கடமான முடிவை நிரூபித்தார்கள். விற்பவரின் அடிவிலை அவருக்கு மட்டும், வாங்குபவரின் உச்சவிலை இவருக்கு மட்டும் தெரியும். வியாபாரம் லாபம் தருமா தராதா என்பது முன்கூட்டி நிச்சயமில்லை. வெளியிலிருந்து யாரும் காசு போடுவதில்லை. இந்த நிலையில், லாபமுள்ள ஒவ்வொரு வியாபாரமும் தவறாமல் முடியும்படி எந்த விதிமுறையையும் வகுக்கவே முடியாது. யாருக்கும் கோபம் வராமலே, இருவருக்கும் நன்மையாக இருந்திருக்கக்கூடிய சில பேரங்கள் முறிந்தே தீரும். அடிவிலை நானூறு, உச்சவிலை நானூற்றைம்பது என்றிருக்கும்போது, இருவரும் வீரம் காட்டினால் பை கம்பியிலேயே தொங்கும். அந்த ஐம்பது ரூபாய் யாருக்கும் இல்லாமல் போகும். பேரம் பேசியே தீருவேன் என்று நிற்பவர்கள் இந்தக் கணக்கையும் போட்டுக்கொள்ள வேண்டும்.

கடைக்காரர் பக்கத்துக்கும் சில கருவிகள் உண்டு. அவற்றில் இரண்டு அன்று என்மேல் பிரயோகமாயின. "ஆயிரத்து இருநூறு. போணி நேரம், ஆயிரத்து நூறு." கேட்பதற்கு முன்பே நூறு ரூபாய் விட்டுக்கொடுத்துவிட்டார். இப்போது என் முறை. நானும் ஏதாவது விட்டுக்கொடுக்காவிட்டால் மரியாதையாக இருக்காது. ராபர்ட் சியால்டினி 1975-இல் இதைக் கடைக்கு வெளியே சோதித்தார். சிறார் சீர்திருத்த இல்லப் பிள்ளைகளை இரண்டு மணி நேரம் மிருகக்காட்சி சாலைக்கு அழைத்துப் போக வருவீர்களா என்று கல்லூரி மாணவர்களிடம் நேராகக் கேட்டபோது சுமார் 17 சதவீதம் பேர் சம்மதித்தார்கள். வேறொரு குழுவிடம் முதலில், வாரம் இரண்டு மணி நேரமாக இரண்டு வருடம் அந்தப் பிள்ளைகளுக்கு வழிகாட்டியாக இருக்க முடியுமா என்று கேட்டார்கள். எல்லோரும் மறுத்தார்கள். உடனே 'சரி, மிருகக்காட்சி சாலைக்காவது' என்றபோது பாதிப் பேர் தலையாட்டினார்கள். கேட்டவர் ஒருபடி இறங்கினால் நம் கால் தானாக ஒருபடி ஏறுகிறது. ஜவுளிக்கடையில் கொடுக்கும் கலரும் இந்த வகைதான். குடித்துவிட்டு வெறுங்கையோடு எழுந்திருக்க எத்தனை பேருக்கு மனம் வரும்?

இரண்டாவது கருவி பையின் பட்டை. "தோள்ல மாட்டிப் பாருங்க சார்" என்றார், மாட்டிப் பார்த்தேன். கார்னெல் பல்கலைக்கழக மாணவர்களில் பாதிப் பேருக்குக் கோப்பை ஒன்றைக் கொடுத்து விற்கச் சொன்னார்கள் கானமன், நெட்ச், தேலர் மூவரும். சில நிமிடங்கள் கையில் வைத்திருந்தவர்கள் கேட்ட விலை, கோப்பை இல்லாதவர்கள் கொடுக்கத் தயாராக இருந்ததைப்போல் சுமார் இரண்டு மடங்கு. 1990-இல் வந்த ஆய்வு அது. சொந்தமாகக்கூட வேண்டாம், தொட்டுப் பார்த்தாலே சொந்தம்போல் தோன்றி மதிப்பு ஏறுகிறது என்று ஜோன் பெக், சுசான் ஷு இருவரும் 2009-இல் காட்டினார்கள். தோளில் மாட்டிய பையைக் கழற்றித் திருப்பிக் கொடுப்பது, வாங்காமல் இருப்பதைவிடக் கடினம். என்ன செய்வது, மாட்டிப் பார்க்காமல் பையும் வாங்க முடியாது.

எண்ணைச் சொல்லும் விதத்திலும் விஷயம் இருக்கிறது. 'அறுநூறு' என்றால் ஏதோ தோராயமாகச் சொல்கிறார் என்று எதிராளி எண்ணுகிறார். 'ஐநூற்றெழுபது' என்றால் எதையோ விசாரித்துக்கொண்டு வந்திருக்கிறார் என்று நினைக்கிறார். முழு எண்ணாக இல்லாத முதல் விலைக்கு எதிர்விலை குறைவாகவே விலகி வருகிறது என்று 2013-இல் கொலம்பியா பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த மாலியா மேசனின் குழு கண்டது. இதை மிகைப்படுத்தி, நடைபாதையில் "ஐநூத்து எழுபத்து மூணு" என்று கேட்டுவைக்காதீர்கள், தெருவே சிரிக்கும்.

நகைக்கடையில் இதே ஆட்டம் வேறு உருவத்தில் நடக்கிறது. தங்கத்தின் அன்றைய விலை பலகையில் இருக்கிறது. அதில் வாயைத் திறக்க முடியாது. பேரம் சேதாரத்திலும் செய்கூலியிலும். சேதாரம் பன்னிரண்டு சதவீதம் என்றால் காதுக்குச் சின்னதாகத்தான் கேட்கிறது. ஒரு சவரன், அதாவது 8 கிராம் நகைக்கு அது 0.96 கிராம், ஏறக்குறைய ஒரு கிராம் தங்கத்தின் காசு. சதவீதத்தில் பேசாமல் கிராமில் பேசிப் பாருங்கள், எதிரே இருப்பவரின் குரல் மாறும்.

இத்தனை கருவிகளையும் கையில் எடுத்தவர் செய்யும் பெரிய பிழை, அடிமாட்டு விலைக்குக் கேட்பது. 1982-இல் வெர்னர் கூத்தும் சக ஆய்வாளர்களும் ஜெர்மனியில் ஒரு விளையாட்டு வைத்தார்கள்: ஒரு தொகையை ஒருவர் பிரிப்பார், மற்றவர் ஏற்கலாம் அல்லது நிராகரிக்கலாம், நிராகரித்தால் இருவருக்கும் ஒன்றுமில்லை. கிடைத்த வரை லாபம் என்று எந்தச் சிறு பங்கையும் வாங்கிக்கொள்வதுதான் கணக்குப்படி சரி. மனிதர்கள் அப்படிச் செய்யவில்லை. மிகக் குறைவாக நீட்டப்பட்ட பங்கைத் தூக்கி எறிந்தார்கள், தங்கள் காசும் போகும் என்று தெரிந்தே. "அந்த விலைக்கு நீங்களே எங்கயாவது கிடைச்சா எனக்கும் ரெண்டு வாங்கிட்டு வாங்க" என்று கடைக்காரர் முகத்தைத் திருப்பிக்கொள்கிறாரே, அந்த எறிதல்தான். அதற்குப் பிறகு சரியான விலையைச் சொன்னாலும் பை இறங்காது.

மறுபக்கத்தில், சின்ன விஷயம் பெரிய திருப்தி தருகிறது. கறிவேப்பிலையும் கொத்தமல்லியும் கொசுறாக விழாத காய்கறிப் பை என் அத்தைக்கு முழுமையான பை அல்ல. ரிச்சர்ட் தேலர் 1985-இல் இதை இரண்டாகப் பிரித்தார்: பொருள் தரும் இன்பம் ஒன்று, அது நல்ல விலைக்குப் படிந்தது என்ற இன்பம் வேறு. கொசுறு இரண்டாவது கணக்கில் வரவாகிறது. கடைக்காரருக்கு ஒன்றிரண்டு ரூபாய். நமக்கு அன்றைய வெற்றி.

ஆனால் பேரத்தை வெறும் விளையாட்டாக ரசிக்க எனக்கு முழு மனம் வரவில்லை. கேட்பவரைப் பார்த்து விலை சொல்லும் இடத்தில், சட்டையும் செருப்பும் பேச்சும் விலையில் சேர்ந்துவிடுகின்றன. 1995-இல் வெளியான ஏயர்ஸ், சீகல்மன் ஆய்வில் சிகாகோவின் கார் விற்பனையகங்களுக்கு ஆட்களை அனுப்பினார்கள். எல்லோருக்கும் ஒரே பாணியில் பேரம் பேசப் பயிற்சி. முந்நூறுக்கும் மேற்பட்ட பேரங்களின் முடிவில், வெள்ளை ஆண்களுக்குச் சொன்னதைவிடக் கறுப்பினத்தவருக்கும் பெண்களுக்கும் கூடுதல் விலை சொல்லப்பட்டிருந்தது. வாய்த்திறமை எல்லோருக்கும் ஒன்றாக இருந்தபோதும் விலை ஒன்றாக இல்லை.

ஒரே விலை என்ற யோசனைக்கு வயது அதிகம். எடோ நகரில், அதாவது இன்றைய டோக்கியோவில், 1673-இல் திறக்கப்பட்ட மிட்சுய் குடும்பத்தின் எச்சிகோயா துணிக்கடை, ரொக்கம் கொடு, சொன்ன விலை ஒரே விலை என்று அறிவித்துப் பேர்பெற்றது. 1852 முதல் பாரிஸில் பூசிக்கோ நடத்திய போன் மார்ஷே கடையும் விலைச்சீட்டு ஒட்டி விற்றது. நம் ஊரில் 1999-இல் மதுரையில் தொடங்கிய உழவர் சந்தையில் அன்றன்றைய விலை பலகையில் எழுதப்படும். விவசாயியும் வாங்குபவரும் அதைப் பார்த்துக்கொள்ள வேண்டியதுதான். பொட்டலப் பொருளில் அதிகபட்ச சில்லறை விலை அச்சிட்டிருக்கும். அதற்கு மேல் விற்பது 2009-ஆம் ஆண்டின் சட்டமுறை எடையளவுச் சட்டப்படி குற்றம். கீழே விற்கத் தடையில்லை. 'அதிகபட்ச' என்ற சொல் அங்கேயே இருந்தும் நாம் அதைத்தான் விலை என்று படிக்கிறோம். அதுவும் ஒரு நங்கூரம், அரசாங்க முத்திரையோடு.

பெரிய கடையில் வாயை மூடிக்கொண்டு கொடுத்துவிட்டுக் கீரைக்காரப் பாட்டியிடம் இரண்டு ரூபாய்க்குச் சண்டை போடுகிறோம் என்று வாட்ஸப்பில் மாதம் ஒருமுறை ஒரு செய்தி சுற்றும். அத்தையைப் பார்த்தால் அந்தச் செய்தி முழு உண்மை இல்லை என்று தெரியும். எங்கள் தெருவுக்கு வரும் கீரைக்காரம்மாவிடம் அவர் விலையே கேட்பதில்லை. "என்ன இருக்கு?" என்பார், எடுப்பார், கொடுப்பார். முளைக்கீரை பழசாக இருந்தால் அந்தம்மாவே, "இன்னிக்கு இது வேணாம்க்கா" என்பார். மொராக்கோவின் செஃப்ரூ நகரக் கடைத்தெருவை ஆராய்ந்த மானிடவியலாளர் கிளிஃபர்ட் கீர்ட்ஸ், 1978-இல் எழுதிய கட்டுரையில் பேரம், வாடிக்கை இரண்டையும் ஒரே நோய்க்கு இரண்டு மருந்தாகப் பார்த்தார். யாருக்கும் எதுவும் சரியாகத் தெரியாத சந்தையில், தகவலைத் தோண்டியெடுக்க ஒரு வழி பேரம். இன்னொரு வழி வாடிக்கை. ஒரே ஆளிடம் திரும்பத் திரும்பப் போனால் தோண்ட வேண்டிய ஆழம் குறைகிறது. அத்தை நடைபாதையில் புலி, வாசலில் பசு. இரண்டிலும் அவர் தேடுவது ஒன்றைத்தான்.

போன மாதம் அத்தை மகளுக்கும் அதே மாதிரிப் பை வேண்டியிருந்தது. நானே போகிறேன் என்றேன். தெருவின் மறுகோடியில் மூன்று கடைகளில் விசாரித்தேன்: ஆயிரத்து நூறு, தொள்ளாயிரத்தைம்பது, ஆயிரம். ஓரமாக நின்று என் எண்ணை முடிவு செய்துகொண்டேன். நான்காவது கடையில் ஆயிரத்து ஐம்பது என்றார்கள். தையலை இழுத்துப் பார்த்துவிட்டு, "ஐநூத்து இருபது" என்றேன். நாக்கு கூசத்தான் செய்தது.

"அசலே வரல சார்."

நடந்தேன். ஒரு கடை தாண்டியது, இரண்டு, பூக்காரம்மா, அதற்கப்புறம் கரும்புச்சாறு வண்டி. யாரும் கூப்பிடவில்லை. தெருமுனையில் நின்று ஒரு கரும்புச்சாறு குடித்தேன், வெட்கத்தை மறைக்க. பிறகு திரும்பி வந்தேன். அவர் நிமிர்ந்து பார்க்கவில்லை. ஒரு பெட்டியின் சக்கரத்தைத் திருகிக்கொண்டிருந்தார்.

"அறுநூறு சார், கடைசி" என்றார்.

"ஐநூத்து எழுபது."

பையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், கால்குலேட்டரைப் பார்த்தார். "எடுத்துக்குங்க, வேற என்ன பண்றது." கம்பியிலிருந்து பை இறங்கக் கொஞ்ச நேரம் ஆனது, எனக்கு அது நிம்மதியாக இருந்தது. பக்கத்தில் சரமாகத் தொங்கிய குட்டிப் பூட்டுகளில் ஒன்றைக் காட்டி, "இது?" என்றேன். "முப்பது ரூபா சார் அது" என்று சொல்லிக்கொண்டே ஒன்றை அறுத்துப் பைக்குள் போட்டார்.

வீட்டில் அத்தை தையலை இழுத்தார், ஜிப்பை ஓட்டினார். "ஐநூத்தம்பது" என்றார்.

"பூட்டோட" என்றேன்.

பூட்டைக் கையில் எடுத்து ஒருமுறை பூட்டித் திறந்து பார்த்தார். "சாவி ஒண்ணுதான் இருக்கு. இன்னொண்ணு கேட்டு வாங்கலியா?"